சிவப்புக் காரை உரித்த பகல்

பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. இரும்பை ஒன்றும் செய்யாது, பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது, பெயின்ட்டை மட்டும் தின்றுவிடும். லாரியின் முகப்பில் ஒரு சொட்டு சிந்திவிட்டுத் துடைக்க மறந்தால், மறுநாள் அந்த இடத்தில் பெயின்ட் சுருங்கி எழும்பி நிற்கும். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. செஞ்சியில் திண்டிவனம் சாலையில் பட்டறை வைத்திருந்த ஒரு லாரி மெக்கானிக்குக்கு இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டதால் தெரிந்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம் அந்த வீட்டுக்குள் போனேன். ஐப்பசி வருவதற்குள் அந்த எண்ணெயை வைத்து ஒரு காரியம் செய்தேன். அது நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எனக்குப் பிறந்த ஊர் பனமலை. இருபத்தெட்டு வயது வரை கல்யாணம் ஆகவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வந்தவர்களுக்கு என் வாய் நீளம் பிடிக்கவில்லை, எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. அதோடு என் வலது கட்டை விரல். ஏழு வயதில் உலக்கை விழுந்து நுனி நசுங்கி, சப்பையாக, அகலமாகப் போய்விட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் காபித் தம்ளரை வாங்கும்போது முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். இவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், இவர் விரல்களின் லட்சணத்துக்கு என்னைச் சொல்ல முடியாது.

சிங்கவரம் மலைக்கோயிலில் தாலி கட்டினார்கள். படி இறங்கும்போது அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், என் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார். அவர் சிங்கவரத்திலேயே வாழ்க்கைப்பட்டவர். முதல் மனைவி இறந்தபின் மூன்று வருடமாக அந்த வீட்டை நடத்தியதும் அவர்தான்.

"ஒரு விஷயம். பாப்பாவுக்கு அவங்கம்மா செத்தது தெரியாது. அப்ப மூணு வயசு. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில இருக்கா, சரியானதும் வருவான்னு சொல்லி வெச்சிட்டோம். இப்ப நீ வந்திருக்க. அம்மா வந்துட்டான்னு சொல்லிட்டேன்."

"மொகம் தெரியாதா அதுக்கு?"

"மறந்துபோச்சி. போட்டோவக்கூட எங்க வூட்டுக்குக் கொண்டாந்துட்டேன். ஊசி மருந்துல மொகம் மாறிப்போச்சின்னு சொல்லிருக்கேன். நீ ஒண்ணும் பேசாத, ஒத்துப்போ. அது போதும்."

எனக்கு அப்போது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெறாமல், பாடுபடாமல் ஒரு பிள்ளை கிடைக்கிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான் பட்டேன். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒன்று மட்டும் உறுத்தியது. எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகச் செத்தவளைச் சும்மா விட மாட்டார்கள். அவள் பூவாடைக்காரி. வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் முதலில் அவளுக்குப் புதுப்புடவை வைத்துப் படைக்க வேண்டும். அவள் இருந்த இடத்துக்கு இன்னொருத்தி வருகிற கல்யாணம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் படையல் போட்டால் குழந்தைக்குத் தெரிந்துவிடும் என்று, போடாமலேயே என் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் வீட்டுக்குப் போகிறேன் என்ற நினைப்போடுதான் வலது காலை எடுத்து வைத்தேன்.

வாசற்படியில் பாப்பா நின்றுகொண்டிருந்தது. ஆறரை வயது, ஒல்லி, பெரிய கண். "அம்மா வந்துட்டாங்க பாரு" என்றார் நாத்தனார். குழந்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக வந்து என் வலது கையைப் பிடித்தது. மருதாணி போட்ட என் கட்டை விரலைத் தனியாகப் பிரித்தெடுத்து, தன் உள்ளங்கையில் வைத்திருந்த எதன் மேலோ அழுத்தியது. குனிந்து பார்த்தேன். சின்ன பிளாஸ்டிக் கார். சிவப்பு. சக்கரம் இல்லை. என் விரல் அதன் கூரைமேல் இருந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, என் கையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விளையாட்டு என்று நினைத்தேன்.

அந்தக் காரைப் பற்றி இவரிடம் கேட்டேன். முதல் மனைவியின் தம்பி மெட்ராஸில் ஒரு பொம்மை கம்பெனியில் இருந்தானாம். அச்சு சரியில்லாமல் கழித்துப்போட்ட வண்டி பாடிகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பானாம். சக்கரமோ அடித்தட்டோ கிடையாது, வெறும் வெள்ளை மேல்கூடுதான். அவள் அவற்றுக்குப் பெயின்ட் அடித்துப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறாள். இரண்டு லாரி, ஒரு பஸ், ஒரு ஆம்புலன்ஸ், ஒரு கார். லாரிக்கும் பஸ்ஸுக்கும் பட்டறையில் மிஞ்சிய பச்சை. ஆம்புலன்ஸுக்குச் சாம்பல் நிறம். காருக்கு மட்டும் தன் நகத்துக்குப் போடுகிற சிவப்புப் பாலிஷ். மற்றதெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்தன. கார் குழந்தையின் கையை விட்டு இறங்கவே இறங்காது.

முதல் மாதத்திலேயே அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுப்படியில் நின்று சமைத்துக்கொண்டிருப்பேன். பின்னால் யாரோ இருப்பது தெரியும். திரும்பினால் ஆள் உயரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். கீழே பார்த்தால், வாசக்கால் ஓரம் குழந்தை தரையில் படுத்து, கன்னத்தைச் சிமென்ட்டில் வைத்து, என் கால்களையே பார்த்துக்கொண்டிருக்கும். "இன்னா பாப்பா பாக்கற?" என்றால் எழுந்து போய்விடும். என்னிடம் அது பேசியதெல்லாம் "வேணாம்", "போதும்", "வெச்சிடுங்க" அவ்வளவுதான். அம்மாவை வாங்க போங்க என்று மரியாதையாகக் கூப்பிடுகிற பிள்ளையை நான் எங்கள் ஊரில் கண்டதில்லை.

என் பாயின் தலைமாட்டில் ஒரு நாள் துருப்பிடித்த ஆணி ஒன்று கிடந்தது. பட்டறை வீட்டில் ஆணிக்கா பஞ்சம் என்று எடுத்துப் போட்டேன். மறுநாள் அதே இடத்தில் இன்னொன்று. துணிப்பெட்டியைத் திறந்தால் புடவை மடிப்புக்குள் காய்ந்த வேப்பிலை. நான் வைக்கவில்லை. இவர் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை.

பிறகு அந்தச் சிவப்பு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்வது எனக்குப் பழக்கம். செஞ்சி வெயிலில் அது தேவையும்கூட. சுற்றிலும் மலைப்பாறைகள் காய்ந்து, பிற்பகலில் அந்தச் சூடு முழுவதும் ஊருக்குள் இறங்கும். எழுந்து பார்த்தால் என் வலது கட்டை விரலில் ஒரு சிவப்புச் செதில் ஒட்டியிருக்கும், பொட்டு அளவுதான். ஒரு நாள் இருந்தது, மறுநாள் இல்லை, அடுத்த வாரம் மீண்டும் இருந்தது. மற்ற விரல்களில் இல்லை. இடது கையில் இல்லை. அந்த ஒரு விரலில் மட்டும், அதுவும் நுனியில் மட்டும்.

அது நகப்பாலிஷ் என்று ஒரு நாள் சுரண்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் நகத்துக்குப் பாலிஷ் போடுகிறவள் இல்லை. போடுகிறவள் செத்துப்போயிருந்தாள்.

விடுமுறை நாள் ஒன்றில் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளறையில் குழந்தை யாரிடமோ பேசுவது கேட்டது. என்னிடம் பேசாத குழந்தை, தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தது. சன்னலோரம் போய் நின்றேன். காரை வாய்க்கு அருகே வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

"இன்னும் போவல. இங்கயேதான் இருக்காங்க. நைனாவுக்குத் தெரியல."

ஈரத்துணியோடு அப்படியே நின்றேன். போகாமல் இங்கேயே இருப்பது யார் என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. படையல் கிடைக்காத ஒருத்தி அந்த வீட்டில் இருக்கிறாள், பெண்ணின் கண்ணுக்குத் தெரிகிறாள், புருஷன் கண்ணுக்குத் தெரியவில்லை, என் விரலைத் தொட்டுவிட்டுப் போகிறாள். இப்படித்தான் நினைத்தேன்.

இவரிடம் சொன்னேன். "மூத்தவளுக்குப் படைச்சிடலாம்" என்றேன். "பாப்பாவுக்குத் தெரிஞ்சிடுமே" என்றார். எந்த இன்ஜினையும் பிரித்துப் பார்த்துவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கை வைக்கவே பயந்தார்.

சரி, மனிதர்களை மாற்ற முடியாவிட்டால் அந்தச் சிவப்பையாவது வீட்டைவிட்டுத் துரத்துவோம் என்று முடிவு செய்தேன். குழந்தையிடம் சொல்லிக்கொள்ள ஒரு நல்ல காரணமும் இருந்தது. பெயின்ட்டெல்லாம் உதிர்கிறது, வாயில் போய்விடும், சுத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாக அழகாக அடித்துத் தருகிறேன் என்று சொல்லலாம். புது வண்டிகளைப் பார்த்து என்னிடம் ஒட்டிக்கொள்ளும் என்றும் ஆசைப்பட்டேன். பாதி பயம், பாதி ஆசை. கொஞ்சம் பொறாமையும் உண்டு. செத்தவளின் நிறத்தை ஒரு குழந்தை ஆறு மாதமாக என் கண்ணெதிரே கையில் பிடித்துக்கொண்டே திரிந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது.

முதலில் பெட்டியில் கிடந்தவற்றை எடுத்தேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்ததில் பெயின்ட் பளபளத்ததுதான் மிச்சம். அடுத்து பட்டறையிலிருந்து பெயின்ட் கரைக்கிற தின்னர் கொண்டுவந்து, அதில் துணியை நனைத்து ஆம்புலன்ஸைத் துடைத்தேன். சாம்பல் நிறம் உடனே வந்துவிட்டது. அடடா என்று சந்தோஷப்பட்டு அழுத்திப் பிடித்தால், கூரை மெத்தென்று உள்ளே போயிற்று. கையை எடுத்தேன். பிளாஸ்டிக் இளகி, என் சப்பைக் கட்டை விரல் அதில் ரேகையோடு பதிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அது அப்படியே இறுகிக் கல்லாகிவிட்டது.

சாயங்காலம் இவரிடம் காட்டினேன். சிரித்தார். "தின்னர்ல பிளாஸ்டிக் கரஞ்சிடும். நகப்பாலிஷும் அப்பிடித்தான், ரெண்டும் ஒரே சாதி. பிரேக் ஆயில்ல ஊறப்போடு. பெயின்ட்டு போவும், பாடி நிக்கும்."

அப்படியே செய்தேன். மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் பிரேக் ஆயிலை ஊற்றி இரண்டு லாரிகளையும் பஸ்ஸையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊறவைத்தேன். ஒரு நாள் முழுக்க ஊறியபின் பச்சை பெயின்ட் பால் ஆடையாகச் சுருங்கித் தொங்கியது. பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசி, பின்கட்டுச் சுவர்மேல் காயவைத்தேன். வெள்ளை வெளேரென்று மூன்று வண்டிகள். பார்க்க நன்றாக இல்லை. பெயின்ட்டோடு இருந்தபோது பொம்மையாக இருந்தவை, இப்போது கண்ணில்லாத ஏதோ ஒன்றாக இருந்தன.

சிவப்புக் கார்தான் கைக்கு வரவில்லை. அதற்கும் ஒரு நாள் வந்தது. பள்ளிக்கூடத்தில் பைகளைச் சோதிக்கப் போகிறார்கள் என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். குழந்தை அன்று காலை வெறுங்கையோடு போயிற்று. அது தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டு உள்ளே வந்து தேடினேன். அரிசிக் குதிருக்குப் பின்னால், ஒரு பழைய ரவிக்கைத் துணியில் சுற்றி வைத்திருந்தது. அந்த ரவிக்கை என்னுடையது இல்லை.

ஜாடியில் போட்டேன். நகப்பாலிஷ் மற்ற பெயின்ட் போல அடம்பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு நூல்நூலாகப் பிரிந்து எண்ணெயில் இறங்க ஆரம்பித்தது. நான் அரிசி களைந்தேன், குழம்பு வைத்தேன், இடையிடையே வந்து பார்த்தேன். உச்சி வெயில். தெருவில் ஆள் நடமாட்டமில்லை. எதிரே ராஜகிரி மலை ஒரு அசைவுமில்லாமல் நின்றது. ஜாடியைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். உள்ளே சிவப்பு மேகத்துக்கு நடுவில் கார் வெளுத்துக்கொண்டிருந்தது.

வெளியே எடுத்து பிரஷ்ஷால் தேய்த்தேன். பக்கவாட்டு, முன்புறம், பின்புறம் எல்லாம் வந்துவிட்டது. கூரையில் மட்டும் சிவப்பு போகவில்லை. முட்டை வடிவத்தில் ஒரு வட்டம், அதற்குள் வளைவு வளைவாக மெல்லிய சிவப்புக் கோடுகள். மறுபடி தேய்த்தேன். கோடுகளில் இருந்த சிவப்பும் போயிற்று. ஆனால் கோடுகள் இருந்தன. விரலால் தடவினேன். பள்ளம். ஒரு கட்டை விரல், முழுசாக, ரேகையோடு அந்தப் பிளாஸ்டிக்கில் பதிந்திருந்தது.

பாலிஷ் காயுமுன் அவள் அந்த இடத்தில் அழுத்தியிருக்கிறாள். இளகின பிளாஸ்டிக் அவள் விரலை வாங்கிக்கொண்டு இறுகிவிட்டது. அது எப்படி நடக்கும் என்று என் கண்ணாலேயே ஆம்புலன்ஸில் பார்த்திருந்தேன். அவள் நிறத்தைத் துரத்தப்போய் அவளையே வெளியே எடுத்துவிட்டேன்.

என்னையறியாமல் என் வலது கட்டை விரல் அந்தப் பள்ளத்துக்குப் போயிற்று. பொருந்தவில்லை. அவளுடையது ஒடுங்கிய, நீண்ட விரல். என்னுடையது அகலச் சப்பை. இரண்டு பக்கமும் விளிம்பில் ஏறி நின்றது.

அப்போதுதான் வாசற்படி நினைவுக்கு வந்தது. மருதாணிக் கையும், குழந்தை தனியாகப் பிரித்தெடுத்த விரலும், அந்த ஒரு மூச்சு நேரமும். என்னை அந்தக் குழந்தை வரவேற்கவில்லை. சோதித்தது. நான் அந்த வீட்டுக்குள் இரண்டாவது காலை வைப்பதற்கு முன்பே அதற்கு விடை தெரிந்துவிட்டது. இவர் சொன்ன பொய், நாத்தனார் சொன்ன பொய், நான் வாயை மூடிக்கொண்டு சொன்ன பொய், மூன்றும் அன்றே செத்துவிட்டன. நாங்கள்தான் தெரியாமல் எட்டு மாதம் நடித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தின்னர் பாட்டில் பக்கத்திலேயே இருந்தது. பொருந்தாத விரலைப் பொருந்த வைக்க ஒரு சொட்டு போதும். பள்ளத்தின் ஓரத்தில் விட்டு, இளகியதும் என் விரலை வைத்து அழுத்தினால் முடிந்தது. சாயங்காலம் குழந்தை வந்து வைத்துப் பார்க்கும், பொருந்தும். அதன்பின் நான்தான் அம்மா. ஆயுசுக்கும் கேள்வியே கிடையாது.

துணி நுனியைத் தின்னரில் நனைத்து ஓரத்தில் தொட்டேன். பிளாஸ்டிக் மினுங்கியது. விரலை அதற்கு நேராகக் கொண்டுபோனேன்.

முதுகுக்குப் பின்னால் யாரோ இருப்பது தெரிந்தது.

திரும்பினேன். கீழே பார்த்தேன். பின்கட்டு வாசக்காலில் கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு பாப்பா படுத்திருந்தது. சத்துணவுகூடச் சாப்பிடாமல் காரைப் பார்க்க ஓடி வந்திருக்கிறது. என் கால்களையும், கையையும், கையிலிருந்த வெள்ளைக் காரையும் பார்த்தது.

"அத அமுக்காதீங்க" என்றது.

என் விரல் அந்தரத்தில் நின்றது. மெல்லக் கையை இறக்கினேன்.

"பெயின்ட்டத்தான் எடுத்தேன் பாப்பா. புதுசா அடிச்சித் தர்லாம்னு."

"வெரலு இருக்குதா?"

"இருக்குது."

எழுந்து வந்தது. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, எண்ணெய் வழுக்கும் காரை வாங்கித் தன் சின்னக் கட்டை விரலை அந்தப் பள்ளத்தில் வைத்தது. வைத்தபின்தான் மூச்சு விட்டது. பிறகு தலை நிமிர்ந்து, வீட்டுக்கு வந்த அந்நியரைக் கேட்பதுபோல என்னைக் கேட்டது.

"நீங்க யாரு?"

எட்டு மாதம் சோறு ஊட்டி, தலை பின்னி, சளிக்குக் கஷாயம் கொடுத்தவளிடம் கேட்கிற கேள்வி அது.

"ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அம்மா சொல்லிச்சி, இது என் வெரலு, வேற யாருக்கும் சேராதுன்னு" என்றது. "நீங்க வந்தன்னிக்கே வெச்சிப் பாத்தேன். சேரல. நீங்க அம்மா மாரி வந்திருக்கீங்கன்னு பயந்துட்டேன். அதான் கால் தரையில படுதான்னு பாத்தேன்."

"பட்டுதா?"

"பட்டுது. அப்பவும் சந்தேகமா இருந்துச்சி."

"ஆணி, வேப்பிலையெல்லாம் நீதானா?"

தலையாட்டியது. அந்த வீட்டில் பேய் இருந்தது நிஜம். பேயாக இருந்தது நான். ஒரு குழந்தை அம்மாவின் வேஷத்தில் வந்த எதனிடமிருந்தோ தப்பிக்க, யாரிடமும் சொல்லாமல், தனியாக ஆணி பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் சுட்ட தோசையைப் பயந்துகொண்டே சாப்பிட்டிருக்கிறது. எனக்கு வந்த அழுகையை அன்று அடக்க முடியவில்லை.

"என் வெரல்ல செவப்பு ஒட்டியிருந்துச்சே, அது?"

குழந்தை தரையைப் பார்த்தது. "தூங்கறப்ப மறுபடி மறுபடி வெச்சிப் பாத்தேன். ஒரு நாளைக்காவது சேர்ந்துடுமோன்னு."

அதன்பின் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் பனமலையிலிருந்து வந்தவள், உங்கள் அத்தைதான் என்னை இந்த வீட்டுக்குக் கூட்டிவந்தார் என்றேன். அம்மா ஆஸ்பத்திரியில் செத்துப்போய்விட்டார், திரும்ப வர மாட்டார் என்று சொன்னேன். எதையும் பூசி மெழுகவில்லை. அது அழவில்லை. விரலைப் பள்ளத்திலிருந்து எடுக்காமல் சுவர்மேல் காய்ந்த வெள்ளை வண்டிகளையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு என் முழங்கையைத் தொட்டது. நான் விழித்திருக்கையில் தானாக என்னைத் தொட்டது வாசற்படிக்குப் பிறகு அதுதான்.

"நைனாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"இன்னாத்த?"

"நீங்க எங்கம்மா இல்லேன்னு. அவரு அம்மான்னே நெனச்சிக்கினு இருக்காரு. தெரிஞ்சா அழுவாரு."

ஒரு சிறு குழந்தை எட்டு மாதமாக வாயில் பூட்டுப் போட்டிருந்ததற்குக் காரணம் பயம் மட்டுமில்லை. ஏமாந்துபோன தன் அப்பாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பொய் சொன்னதே அவர்தான் என்று நான் எப்படிச் சொல்வேன். "சொல்ல மாட்டேன்" என்றேன். கையடித்துக் கொடுத்தேன்.

சொல்லவும் இல்லை. இவரிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். பாப்பாவுக்கு அம்மா செத்தது தெரிந்துவிட்டது, இனிமேல் மூத்தவளுக்குப் படைக்காமல் இந்த வீட்டில் நான் ஒரு பொங்கல் வைக்க மாட்டேன். நாத்தனார் சண்டைக்கு வந்தார். என் வாய் நீளம் அன்றைக்குத்தான் உருப்படியாகப் பயன்பட்டது.

தை பிறந்ததும் படையல் போட்டோம். சிங்கவரத்திலிருந்து போட்டோ வந்தது. பூவாடைக்காரிக்குச் சிவப்புப் புடவை, பூ, தலைவாழை இலை. போட்டோவில் இருந்தவளை நான் அன்றுதான் பார்த்தேன். ஒடுங்கிய முகம், அந்தப் பெரிய கண்கள். பாப்பா அந்த முகத்தை வெகு நேரம் பார்த்தது. பிறகு காரைக் கொண்டுவந்து புடவை மடிப்பின்மேல் வைத்தது. நான் அதற்கு மீண்டும் பெயின்ட் அடிக்கவில்லை. வெள்ளையாகவே இருந்தது. கூரையில் அந்த விரலும், அதன் ஓரத்தில் என் தின்னர் பட்டு மங்கிய ஒரு சிறு திட்டும் இருந்தன. அந்தத் திட்டு இன்றும் அதில் இருக்கிறது.

கற்பூரம் காட்டும்போது இவர் உடைந்துபோனார். நான்கு வருடமாக அழாத மனுஷர், சுவரில் சாய்ந்து, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினார்.

பாப்பா விருட்டென்று என் பக்கம் திரும்பியது. கண்ணில் அப்படி ஒரு கோபம். கிட்டே வந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டது.

"சொல்லிட்டீங்களா?"

"நான் சொல்லல. சத்தியமா" என்றேன். "அவருக்கே தெரிஞ்சிபோச்சி."

என் முகத்தை ஆராய்ந்து பார்த்தது. நம்பிற்று என்று நினைக்கிறேன். நேராக அவரிடம் போய், குலுங்குகிற முதுகில் கை வைத்தது.

"அழாத நைனா" என்றது. "இவங்க இங்கயே இருக்கட்டும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். நான் குனிந்து மூத்தவளின் இலையில் சோறு வைத்தேன்.